ஞானப்பல் எடுத்த வாய்க்கு ஒரு கால அட்டவணை

பல் கிளினிக்கை விட்டு வெளியே வரும்போது கையில் மலாய் மொழியில் அச்சடித்த ஒரு தாள், மாத்திரைப் பை, கொஞ்சம் காஸ் துணி, அடுத்த தேதி எழுதிய அட்டை இவ்வளவும் இருக்கும். பாதி முகம் மரத்துப்போன நேரத்தில் மிஸ்ஸி (நர்ஸ்) சொன்னதில் பாதிதான் காதில் ஏறியிருக்கும். மீதியை ஊர் நிரப்பிவிடும். உடனே உப்புத்தண்ணியில் கொப்பளி, குழியில் கிராம்பெண்ணெய் விடு, சுடுதண்ணி ஒத்தடம் கொடு, சூடாக ரசம் குடி என்று மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் ஆளுக்கு ஒரு வைத்தியம் இருக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை தப்பான வைத்தியம் இல்லை, நேரம்தான் தப்பு. உப்புத்தண்ணி நல்லது, ஆனால் மறுநாளிலிருந்து. சுடு ஒத்தடம் நல்லது, ஆனால் இரண்டு நாள் கழித்து. கிராம்புச் சத்து நல்லது, ஆனால் அதைக் குழியில் வைக்க வேண்டியவர் பல் மருத்துவர். எல்லாவற்றையும் முதல் நாள் சாயங்காலமே செய்துவிட நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

காரணம் எளிது. பல் போன குழியில் இரத்தம் நிரம்பி உறைகிறது. அந்த உறைகட்டிதான் கீழே இருக்கும் எலும்புக்கும் நரம்பு முனைகளுக்கும் மூடி. அதன் மேல்தான் புதுச் சதை வளர வேண்டும். பால்மரம் சீவுகிறவர்களுக்கு இது புரியும். சீவிய கோட்டில் பால் காய்ந்து ஒட்டிக்கொண்டால் மரம் தன் காயத்தை அடைத்துவிட்டது என்று அர்த்தம்; மறுமுறை பால் வேண்டுமென்றால் அதை உரித்துவிட்டுத்தான் கத்தியை வைக்க வேண்டும். நாக்கால் குழியைத் துழாவுகிறவரும் அதே உரிக்கிற வேலையைத்தான் செய்கிறார். முதல் சில நாள் விதிகள் அத்தனையும் இந்த ஒரு கட்டியைக் காப்பாற்றத்தான்.

முதல் மணி நேரமும் முதல் இரவும்

காஸ் துணியை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். பேசிக்கொண்டே இருந்தால் அழுத்தம் விட்டுப்போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிற பழக்கம் இன்னும் மோசம், ஒவ்வொரு முறையும் அப்போதுதான் பிடித்த கட்டி துணியோடு வந்துவிடும். மாற்ற வேண்டியிருந்தால் புதுத் துணியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தடிப்பாகச் சுருட்டி, சரியாகக் குழியின் மேல் வைக்க வேண்டும். காய்ந்த துணி ஒட்டிக்கொள்ளும். பக்கத்துப் பல்லின் மேல் உட்கார்ந்த துணியால் ஒரு பயனும் இல்லை. இரத்தம் நிற்கவில்லை என்று வருகிறவர்களில் பலருக்குத் துணி இடம் மாறித்தான் இருக்கும்.

எச்சிலில் சிவப்பு கலந்து வருவது 24 மணி நேரம் வரை சாதாரணம். ஒரு சொட்டு இரத்தம் ஒரு வாய் எச்சிலைச் சிவப்பாக்கிவிடும், பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். துப்பாமல் விழுங்கிவிடலாம், அல்லது வாயைத் திறந்து தொட்டியில் தானாக வடிய விடலாம். காறித் துப்பினால் குழியில் இழுப்பு உண்டாகி இரத்தம் மறுபடி கசியும். உறிஞ்சுகுழல் வேண்டாம் என்பதும் இதே இழுப்புக்காகத்தான். பொட்டலத்தில் கட்டித் தருகிற ஐஸ் மைலோவை வீட்டில் கிளாசில் ஊற்றிக் குடியுங்கள்.

துணி மாற்றியும் கசிந்தால் தேயிலைப் பை கைகொடுக்கும். கறுப்புத் தேயிலை இருக்கும் சாதாரணப் பை போதும். சுடுநீரில் ஒரு நிமிடம் நனைத்து, பிழிந்து, நன்றாக ஆறவிட்டு, காஸ் துணியில் சுற்றி அரை மணி நேரம் கடித்திருங்கள். தேயிலையில் இருக்கும் டானின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருங்க வைத்து உறைதலுக்கு உதவும். (தேயிலை, பால், சீனி மூன்றும் கலந்த பாக்கெட் பொடி இதற்கு ஆகாது. அதில் பாலும் சீனியும்தான் அதிகம்.) நிமிர்ந்து உட்கார்ந்து அரை மணி நேரம் அழுத்திக் கடித்தும் வாய் நிறைய இரத்தம் ஊறிக்கொண்டே இருந்தால் அது வீட்டில் பார்க்கிற விஷயமில்லை. கிளினிக் மூடியிருந்தால் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். வார்ஃபரின், ஆஸ்பிரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் பல் எடுக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அதே நேரம், இதயத்துக்குக் கொடுத்த மாத்திரையை யாரையும் கேட்காமல் நிறுத்துவது பல் குழியில் இரத்தம் கசிவதைவிட ஆபத்து.

கீழ்த்தாடையில் போட்ட ஊசியின் மரப்பு உதட்டில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் இருக்கும். அது விடும் வரை சூடாக எதுவும் வேண்டாம், வெந்தாலும் தெரியாது. மெல்லவும் வேண்டாம், உதட்டையும் கன்னத்தையும் சேர்த்துக் கடித்துவிடுவீர்கள். வலி மாத்திரையை மட்டும் மரப்பு விடுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். வலி ஏறிய பிறகு மாத்திரையால் அதைத் துரத்திப் பிடிப்பது கஷ்டம்.

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், அதே அளவு நேரம் எடுத்துவிடுங்கள். முதல் நாள் முழுக்க, விழித்திருக்கும்போதெல்லாம் இப்படி மாற்றி மாற்றிச் செய்யலாம். படுக்கும்போது இரண்டு தலையணை. மேலே ஒரு பழைய துண்டை விரித்துக்கொள்ளுங்கள், தூக்கத்தில் சிவந்த எச்சில் வடியும். மற்ற பற்களை அன்று இரவே மெதுவாகத் துலக்கலாம். காயத்தின் பக்கம் மட்டும் இரண்டு மூன்று நாள் பிரஷ் போகக்கூடாது.

மாத்திரைக் கணக்கு

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்ட வேண்டாம். பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை பெரியவர்களுக்கு ஒருவேளைக்கு இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் எட்டுக்கு மேல் போகக்கூடாது. கிளினிக் கொடுத்த வெள்ளை மாத்திரையும் வீட்டில் இருக்கும் பனடோலும் ஒரே மருந்துதான். சளிக் காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் அது ஒளிந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டு அளவு தாண்டுவது ஈரலைக் கெடுக்கும்.

ஐபுப்ரோஃபென், பொன்ஸ்டான், வோல்தாரென் இந்த மூன்றும் வேறு பெயர்கள், ஒரே குடும்பம். கிளினிக்கில் ஒன்று கொடுத்திருக்க, அக்கா வீட்டில் மிச்சமிருந்த இன்னொன்றைக் கூடச் சேர்த்தால் வலி அதிகம் குறையாது, வயிறும் சிறுநீரகமும்தான் அடிவாங்கும். இந்தக் குடும்பத்தில் ஒன்றைச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்து, அதோடு பாராசிட்டமாலையும் சேர்த்துக்கொண்டால் தனித்தனியே எடுப்பதைவிட வலி நன்றாக அடங்கும். ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

தோட்டப்புறத்தில் இன்னொரு எச்சரிக்கை தேவை. பல் எடுத்த சில நாளில் கடுமையான காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறிகிற வலி வந்தால் எல்லாவற்றையும் பல்லின் மேல் போட்டுவிடாதீர்கள். டிங்கியாகவும் இருக்கலாம். டிங்கியில் இரத்தத் தட்டணுக்கள் குறையும், அந்த நேரத்தில் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரையும் ஆஸ்பிரினும் இரத்தக் கசிவைக் கூட்டும். அவற்றை நிறுத்திவிட்டு, பாராசிட்டமால் மட்டும் எடுத்து, இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். பல் எடுத்ததையும் அங்கே சொல்லுங்கள்.

ஆண்டிபயாட்டிக் எல்லாருக்கும் கொடுப்பதில்லை. கொடுத்திருந்தால் சொன்ன நாள் வரை முடிக்க வேண்டும். மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால் பீர், சம்சு (சாராயம்), கள் எதுவும் கூடாது, கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு நாள் வரைக்கும். வாந்தியும் படபடப்புமாக வந்து படுக்க நேரிடும்.

இரண்டாம் நாளிலிருந்து

24 மணி நேரம் தாண்டியதும் உப்புத்தண்ணி. ஒரு கிளாஸ், அதாவது 250 மில்லி இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. அதற்கு மேல் போட்டால் புண் எரியும், சீக்கிரம் ஆறாது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கும் முன்னும் ஒரு வாய் வைத்து, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து விழவிடுங்கள். கன்னத்தை உப்பிக் களகளவென்று கொப்பளிப்பது முதல் வாரத்துக்கு ஆகாது. கிளினிக்கில் தைமோல் என்ற கொப்பளிக்கும் மருந்து கொடுத்திருந்தால் சீட்டில் எழுதிய அளவுக்குத் தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள். குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு மருந்து கொடுத்திருந்தால் பல் துலக்கி அரை மணி கழித்து வாயில் வையுங்கள், பற்பசையின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும். அதைப் பயன்படுத்தும் நாட்களில் தேநீரும் காப்பியும் பல்லில் பழுப்புக் கறை ஏற்றும். பயப்பட வேண்டாம், பல் சுத்தம் செய்யும்போது போய்விடும்.

வீக்கம் முதல் நாளைவிட இரண்டாம் மூன்றாம் நாள்தான் பெரிதாக இருக்கும். நேற்றைவிட இன்று முகம் பெரிசாக இருக்கிறதே என்று பலர் பதறுகிறார்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு இறங்க வேண்டும். அதுதான் கணக்கு. எலும்பைக் குடைந்து எடுத்தவர்களுக்குக் கன்னத்திலிருந்து கழுத்து வரை மஞ்சளும் பச்சையுமாகக் கன்றிப்போவதும் உண்டு, தானே மறையும். 48 மணி நேரத்துக்குப் பிறகு ஐசுக்கு வேலை இல்லை, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுக்கலாம். வாய் திறக்க மறுப்பதற்கும் அந்தச் சூடு நல்லது. ஒத்தடத்துக்குப் பின் மெதுவாக, இழுவை தெரிகிற அளவு வாயைத் திறந்து பத்து விநாடி வைத்து மூடுங்கள். நாளைக்கு நாலைந்து முறை. உங்கள் விரல்கள் மூன்றை அடுக்கி நுழைக்கிற அளவு வாய் திறந்தால் பழைய நிலைக்கு வந்துவிட்டீர்கள்.

சாப்பாட்டில் பெரிய மர்மம் இல்லை. முதல் நாள் குளிர்ச்சியாகவோ ஆறியோ: தயிர், கரண்டியால் சாப்பிடும் ஐஸ்கிரீம், தௌபூ ஃபா (மெதுவான சோயா இனிப்பு), ஆறிய கேழ்வரகுக் கஞ்சி. மறுநாளிலிருந்து குழைந்த சோறு, அரைவேக்காட்டு முட்டை, நன்றாக வெந்த பருப்பு, பிசைந்த வாழைப்பழம், ஊறவைத்த இடியாப்பம், மறுபக்கமாகச் சாப்பிட்டால். முறுக்கு, குரோப்போக் (மீன், இறால் அப்பளம்), கச்சான் (வேர்க்கடலை), எள், சம்பால் இவற்றுக்கு இரண்டு வாரம் விடுமுறை. குரோப்போக்கின் முனை குத்தும், எள்ளும் மிளகாய் விதையும் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வெற்றிலை போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். சுண்ணாம்பு புண்ணை எரிக்கும், பாக்குத் துணுக்கு குழியில் சிக்கும், புகையிலை இரத்த ஓட்டத்தைச் சுருக்கும். போதாதற்குச் சிவந்த எச்சிலில் இரத்தம் வருகிறதா இல்லையா என்றே தெரியாது. ஈறு மூடும் வரை நிறுத்தியே ஆக வேண்டும். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் அறிவித்திருக்கிறது, ஆகவே நிறுத்தியது நிறுத்தியதாகவே இருந்தால் மிகவும் நல்லது. சிகரெட்டும் வேப்பும் (மின்சிகரெட்) குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம். வேப்பில் புகையில்லையே என்று வாதாடுகிறவர்களுக்கு: உறிஞ்சும் இழுப்பு அதில் இருக்கிறது, நிக்கோட்டினும் இருக்கிறது.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு

நம் மக்களிடையே நீரிழிவு அதிகம் என்பது தெரிந்த விஷயம். பல் எடுத்த வாரத்தில் அது இரண்டு பக்கமும் இடறும். சாப்பிட முடியாமல், வழக்கமான இன்சுலினையோ கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரையையோ அப்படியே எடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, மயக்கம் வந்தால் அது பல் வலியின் களைப்பு என்று நினைத்துப் படுக்காதீர்கள். கருவியில் 4 mmol/Lக்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணியில் மறுபடி பாருங்கள். எதிர்ப்பக்கம், மெல்ல முடியாது என்று நாள் முழுக்க கெட்டிப்பால் போட்ட மைலோவும் ஐஸ்கிரீமும் போனால் சர்க்கரை ஏறி, காயம் ஆறத் தாமதமாகும், கிருமி எளிதில் பிடிக்கும். முட்டை, தயிர், பருப்பு, சீனி போடாத கஞ்சி என்று கணக்காக நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிடுவதுதான் வழி. மருந்தளவைப் பற்றி முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எம்சி (மருத்துவ விடுப்பு) எத்தனை நாள்?

அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவரும் செம்பனைக் குலை வெட்டுகிறவரும் ஒரே தாளைத்தான் வாங்கிப் போகிறார்கள். 20 கிலோ குலையைத் தூக்கி வண்டியில் எறியும்போது இரத்த அழுத்தம் ஏறும், முதல் இரண்டு மூன்று நாள் குழிக்கு அது தாங்காது. பால்மரத்தில் குனிந்து குனிந்து சீவுவதும் அப்படியே, தலை தாழும்போது காயத்தில் துடிப்பு தெரியும். மருத்துவரிடம் ‘தோட்ட வேலை’ என்று மொட்டையாகச் சொல்லாமல், என்ன தூக்குகிறேன், எத்தனை மணிக்குப் போகிறேன் என்று சொன்னால்தான் அவரால் சரியான எம்சி எழுத முடியும். தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரை கொடுத்திருந்தால் மோட்டார் சைக்கிள் வேண்டாம். வீங்கிய தாடையில் ஹெல்மெட் வாரை இறுக்கவும் முடியாது, இறுக்காமல் ஓட்டவும் கூடாது. கூட்டிப் போக ஒருவரை ஏற்பாடு செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

தேதியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடிந்தால் திங்கள் அல்லது செவ்வாய் கேளுங்கள். தொல்லை வருவதென்றால் இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள்தான் வரும், அது கிளினிக் திறந்திருக்கும் நாளில் வரட்டும். வெள்ளிக்கிழமை பல் எடுத்தவர் ஞாயிறு இரவில் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஈப்போவில் நிபுணரிடம் அறுவைக்குத் தேதி கிடைத்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை, கிடைத்த நாளில் போய்விடுங்கள். தைப்பூசத்தில் அலகு குத்திக்கொள்ளும் நேர்த்தி இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். குழி மூடாத வாயில், தையல் போட்ட கன்னத்தில் அலகு ஏற்றுவது கிருமிக்கு வாசல் திறப்பது. ஒரு மாதமாவது இடைவெளி இருக்கட்டும்.

அந்த மூன்றாம் நாள் வலி

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துகொண்டு வந்தது திடீரென்று ஏறி, காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் தெறித்து, மாத்திரைக்கும் அடங்காமல், வாயில் கெட்ட வாடையும் வந்தால் உறைகட்டி போய்விட்டது, எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். இதைத்தான் வறண்ட குழி என்கிறார்கள். சாதாரணமாகப் பல் எடுப்பதில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேருக்கு வரும், கீழ்த்தாடையில் புதைந்த ஞானப்பல்லில் அதைவிடப் பல மடங்கு அதிகம். கீழ்த்தாடை எலும்பு அடர்த்தி, இரத்த ஓட்டம் குறைவு. புகைப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும், எடுக்கும்போது பல் மிகவும் முரண்டு பிடித்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் சிலருக்கு வரும். குற்றம் தேடி வீட்டில் சண்டை போட வேண்டாம்.

இது கிருமித் தொற்று இல்லை என்பதால் ஆண்டிபயாட்டிக் கேட்டு ஃபார்மசிக்கு ஓடுவதில் பயனில்லை. கிளினிக்கில் குழியை உப்புநீரால் கழுவி, கிராம்பின் சத்தான யூஜெனால் கலந்த மருந்தை உள்ளே வைப்பார்கள். சீக்கிரமே வலி இறங்கத் தொடங்கும். சில நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியும் வரலாம். அதே கிராம்பு என்று வீட்டில் எண்ணெயைக் குழியில் சொட்டினால் சதை வெந்துபோகும். அளவும் வைக்கிற முறையும் வேறு.

வறண்ட குழி வேதனைதானே தவிர ஆபத்து இல்லை. ஆபத்தானது வேறு: மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும் வீக்கம், 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல், குழியிலிருந்து சீழ். நாக்கின் அடிப்பகுதி மேலே தள்ளி, எச்சில் விழுங்க முடியாமல், குரல் மாறி, மூச்சு திணறினால் மறுநாள் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அவசர எண் 999க்கு அழையுங்கள், அல்லது உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உதடோ நாக்கோ மறுநாளும் மரத்தே இருந்தால் அவசரமில்லை, ஆனால் கிளினிக்கில் கட்டாயம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் திரும்பிவிடும்.

மேல்தாடைப் பல் எடுத்தவர்களுக்குத் தனியாக ஒன்று. வேர் மூக்கின் பக்கத்து சைனஸ் என்ற காற்றறையை ஒட்டியிருக்கும். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். தண்ணீர் குடிக்கும்போது மூக்கு வழியே வந்தால் கிளினிக்குக்குத் திரும்புங்கள்.

ஒரு வாரத்துக்குப் பிறகு

குழியில் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ ஒரு படலம் தெரியும். சீழ் என்று நினைத்துப் பஞ்சால் துடைத்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆறுகிற புண்ணின் மேற்பூச்சு, விட்டுவிடுங்கள். கரையும் தையல் ஓரிரு வாரத்தில் நூலாக வாயில் வரும். பட்டு நூல் போட்டிருந்தால் ஏழு நாள் வாக்கில் போய் எடுக்க வேண்டும், எந்த நூல் என்று அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழ்க்குழி ஆழமாக இருந்தால் அதில் சோற்றுப் பருக்கை போய் நாறும். ஐந்தாம் ஏழாம் நாளிலிருந்து, மருத்துவர் சரி என்றால், ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் உப்புத்தண்ணீரை நிரப்பி, முனையைக் குழியின் வாயில் வைத்து மெதுவாகப் பீச்சுங்கள். முனை வளைந்த சிரிஞ் கிளினிக்கில் கிடைத்தால் வசதி. உள்ளே திணிக்க வேண்டாம். தண்ணீர் தெளிவாக வரும் வரை செய்தால் போதும். பல்குச்சி, கோழி இறகு, பின் எதுவும் உள்ளே போகக்கூடாது. ஈறு மூட மூன்று நான்கு வாரம் ஆகும், அடியில் எலும்பு நிரம்பப் பல மாதம். இடையில் ஈறின் ஓரத்தில் மணல் மாதிரி கூர்மையாக எலும்புத் துணுக்கு ஒன்று எட்டிப் பார்க்கலாம். பெரும்பாலும் தானே விழும், குத்திக்கொண்டே இருந்தால் கிளினிக்கில் ஒரு நிமிட வேலை. குழியில் சாப்பாடு சிக்குவது நின்றதும் சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிடலாம்.